கட்டாய மாணவர் கட்டணமும் பேச்சுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தபோது இரண்டு வருடம் மாணவர் நிதிக் குழுவில் இருந்தேன். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்யும் குழு அது. அப்போதிலிருந்து இன்றுவரை, புதிதாக அங்கே படிக்கப் போகிறவர்களும் ஏற்கெனவே படிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த வழக்குகளைப் பல தடவை படித்தவன்.

பில்லில் படிப்புக் கட்டணத்துக்குக் (ட்யூஷன்) கீழே தனியாக ஒரு மாணவர் கட்டணம் போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

பெரும்பகுதி சாதாரண விஷயங்களுக்குத்தான் போகும். மாணவர் சுகாதார மையம், ஜிம், விளையாட்டு, பஸ், மாணவர் சங்கக் கட்டடத்தின் பராமரிப்பு, அதைக் கட்ட வாங்கிய கடனுக்கான தவணை. இதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. மிச்சமிருக்கும் சின்னப் பகுதி மாணவர் அமைப்புகளுக்குப் போகிறது. விவாத மன்றம், சதுரங்க கிளப், கட்சி சார்ந்த மாணவர் அணிகள், மத அமைப்புகள், சுற்றுச்சூழல் குழுக்கள், பத்திரிகைகள், நம்முடைய தமிழ் மன்றங்கள், எல்லாம் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. கட்டமாட்டேன் என்று சொல்ல முடியாது. பாக்கி வைத்தால் பல இடங்களில் அடுத்த செமஸ்டருக்குப் பதிவே செய்ய விடமாட்டார்கள். சண்டை முழுக்க இந்தச் சின்னப் பகுதியைப் பற்றியதுதான்.

சரி, கட்டணம் கட்டுவதற்கும் பேச்சுரிமைக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பேசும் உரிமையைக் காப்பாற்றுகிறது. அதற்குள்ளேயே இன்னொரு உரிமையும் அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன: உனக்கு ஒப்பாத கருத்தை உன் வாயால் சொல்லவைக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. 1943-இல் பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. வாய்க்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு பாக்கெட்டுக்கும் உண்டா என்பது அடுத்த கேள்வி. தான் நம்பாத கருத்தைப் பரப்புவதற்கு ஒருவனிடமிருந்து பணம் பறிப்பது பாவம், கொடுங்கோன்மை என்று அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான ஜெஃபர்சன் எழுதினார். அந்த வரி இடம்பெற்ற மதச் சுதந்திரச் சட்டம் 1786-இல் வர்ஜீனியாவில் நிறைவேறியது. இந்த விவாதம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் அந்த வரியை எடுத்து வைத்துவிடுவார்.

அப்புறம் 1977-இல் டெட்ராய்ட் ஆசிரியர்கள் வழக்கு, அதாவது அபூட் வழக்கு வந்தது. தொழிற்சங்கத்தில் சேராத ஆசிரியரிடமும் சம்பளப் பேச்சுவார்த்தைச் செலவுக்குப் பணம் வாங்கலாம், ஆனால் சங்கத்தின் அரசியல் பிரசாரத்துக்கு அவர் பணத்தைத் தொடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1990-இல் கலிஃபோர்னியா வழக்கறிஞர் மன்றச் சந்தாவுக்கும் அதே கோட்டைப் போட்டார்கள். இதையெல்லாம் பார்த்த மாணவர்களுக்கு இயல்பாகவே தோன்றியது: ஆசிரியருக்கும் வக்கீலுக்கும் உள்ள உரிமை எனக்கு ஏன் இல்லை?

அதைக் கேட்டு யாராவது கோர்ட்டுக்குப் போனார்களா?

போனார்கள். அதுதான் இந்த விஷயத்தின் மூல வழக்கு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஸ்காட் சவுத்வொர்த்தும் இன்னும் சில மாணவர்களும் 1996-இல் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கல்வியாண்டில் அங்கே ஒரு மாணவர் கட்ட வேண்டிய தொகை 331 டாலர் 50 சென்ட். அதில் ஏறத்தாழ 80 சதவீதம் சுகாதாரம், கட்டடம் போன்றவற்றுக்கு. மிச்சம் 20 சதவீதம், அதாவது தலைக்கு 66 டாலர் சொச்சம், மாணவர் அமைப்புகளுக்கு. வளாகத்தில் அப்போது 623 பதிவு பெற்ற அமைப்புகள் இருந்தன. ஜனநாயகக் கட்சி மாணவர்கள், குடியரசுக் கட்சி மாணவர்கள், சோஷலிஸ்டுகள் என்று எல்லா நிறமும் அதில் உண்டு. அவற்றில் சில அமைப்புகளின் அரசியல் தங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாதது, அவற்றுக்கு எங்கள் பணம் போகக் கூடாது என்பது அந்த மாணவர்களின் வாதம்.

கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2000 மார்ச் 22 அன்று வந்த அந்தத் தீர்ப்பின் முடிவில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. அவர் மாணவர்களின் கவலையை அற்பமானது என்று தள்ளவில்லை. பிடிக்காத பேச்சுக்குப் பணம் கொடுக்கவைப்பது முதல் திருத்தத்தைத் தொடுகிற விஷயம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தொழிற்சங்க வழக்குகளில் போட்ட கோடு இங்கே பொருந்தாது என்றார். தொழிற்சங்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட வேலை இருக்கிறது, எந்தச் செலவு அந்த வேலைக்குச் சம்பந்தப்பட்டது, எது சம்பந்தமில்லாதது என்று பிரித்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் வேலையே எல்லாவகைக் கருத்துகளும் மோதிக்கொள்ள இடம் கொடுப்பதாக இருக்கும்போது, எந்தப் பேச்சு சம்பந்தமில்லாதது என்று யார் பிரிப்பது? அதனால் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கலாம், அதற்கு ஈடாக மாணவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: அந்தப் பணத்தைப் பங்கிடும்போது எந்த அமைப்பு என்ன கருத்துடையது என்று பார்க்கவே கூடாது. இதைத்தான் கருத்துச் சார்பின்மை என்கிறோம்.

மூன்று நீதிபதிகள், சவுட்டரும் அவரோடு சேர்ந்த ஸ்டீவன்ஸும் பிரேயரும், முடிவை ஏற்றுக்கொண்டாலும் கருத்துச் சார்பின்மையை இப்படி ஒரு கட்டாய நிபந்தனையாக வைக்கத் தேவையில்லை என்று தனியாக எழுதினார்கள். நான் இந்த இடத்தில் கென்னடி பக்கம். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் மாணவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது, பில் மட்டும்தான் மிஞ்சும்.

கருத்துச் சார்பின்மை என்றால் எல்லா அமைப்புக்கும் சமமாகப் பணம் கொடுப்பதா?

இல்லை. இதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 200 பேர் வரும் நிகழ்ச்சிக்கு அதிகமும் 10 பேர் வரும் கூட்டத்துக்குக் குறைவும் கொடுக்கலாம். பட்ஜெட் ஒழுங்காகப் போடாதவருக்கு மறுக்கலாம். சாப்பாட்டுக்குக் கிடையாது, பயணத்துக்குக் கிடையாது என்று விதி வைக்கலாம், எல்லாருக்கும் அதே விதி என்றால். மேடிசனிலேயே கட்சிப் பிரசாரத்துக்கும் மதச் செயல்பாட்டுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று பல்கலைக்கழக விதி அப்போது இருந்தது. கூடாத ஒன்று, “இவர்கள் சொல்வது தப்பு, அதனால் குறைத்துக் கொடு” என்பது மட்டும்.

எளிதாகத் தெரியும். குழுவில் உட்கார்ந்து பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று புரியும். என் இரண்டாவது வருடத்தில், நான் முழுமனதோடு எதிர்க்கிற ஒரு கொள்கையுடைய அமைப்பு ஒரு பேச்சாளரை வரவழைக்கப் பணம் கேட்டது. விண்ணப்பம் சுத்தமாக இருந்தது. குழுவில் ஒருவர், “இந்த ஆள் வந்தால் நம் மாணவர்களுக்கு மனக்கஷ்டம், வேறு ஏதாவது காரணம் சொல்லி மறுத்துவிடலாம்” என்றார். அந்த “வேறு ஏதாவது காரணம்” என்ற வார்த்தை எனக்கு இன்றும் மறக்கவில்லை. மற்ற அமைப்புகளிடம் கேட்காத ரசீதுகளையெல்லாம் அவர்களிடம் கேட்டார்கள், இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போட்டார்கள், கடைசியில் தேதி போய்விட்டது. யாரும் வெளிப்படையாக எதையும் மறுக்கவில்லை. தள்ளிப்போடுவதை எதிர்த்து நான் ஓட்டுப் போட்டேன், ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று இது ஏன் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கருத்துப் பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஆவணத்தில் தெரியாது. அதனால்தான் சவுத்வொர்த் வழக்கு திரும்பக் கீழே போய் 2002-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒன்று) வந்தபோது அவர்கள் சொன்னதை நான் முக்கியமாக நினைக்கிறேன்: குழுவுக்குக் கட்டற்ற அதிகாரம் கொடுப்பதே கருத்துச் சார்பின்மைக்கு விரோதம். எழுதிவைத்த அளவுகோல் வேண்டும், கூட்டம் திறந்த முறையில் நடக்க வேண்டும், மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். மேடிசன் அதற்குள் விதிகளைத் திருத்தியிருந்ததால் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒன்றை அடித்தது: ஒரு அமைப்பு எத்தனை வருடமாக இருக்கிறது, முன்பு எவ்வளவு வாங்கியது என்று பார்த்துக் கொடுப்பது. பழைய அமைப்புகள் காலாகாலமாகப் பிடித்த கருத்துகளுக்குரியவையாகவே இருந்திருக்கலாம், புதிதாக வருகிற மாற்றுக் கருத்து அங்கே எப்போதும் பின்வரிசையில்தான் நிற்கும்.

மத அமைப்புகளுக்குக் கொடுக்கலாமா? அரசும் மதமும் தனித்தனி இல்லையா?

1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வர்ஜீனியா பல்கலைக்கழக வழக்கில் இதுதான் பிரச்சினை. ஒவ்வொரு மாணவரும் செமஸ்டருக்கு 14 டாலர் கட்டினார்கள். அதிலிருந்து மாணவர் பத்திரிகைகளின் அச்சுக்கூலியைக் கொடுத்தார்கள். கிறிஸ்தவப் பார்வையில் எழுதிய ஒரு பத்திரிகை 5,862 டாலர் கேட்டபோது மட்டும் மதம் என்று மறுத்தார்கள். ரோசன்பெர்கர் என்ற அந்த வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் பத்திரிகை ஜெயித்தது. இனவெறியைப் பற்றியோ கர்ப்பத்தைப் பற்றியோ மற்றவர்கள் எழுதினால் பணம் உண்டு, அதே விஷயத்தை மத நோக்கில் எழுதினால் கிடையாது என்றால் அது கருத்துப் பாகுபாடுதான் என்றது பெரும்பான்மை. சவுத்வொர்த் தீர்ப்பின் விதை இங்கேதான் விழுந்தது.

மாணவர்களே ஓட்டெடுப்பு நடத்தி எந்த அமைப்புக்குப் பணம் என்று முடிவு செய்தால் அது ஜனநாயகம்தானே?

கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. மேடிசனில் அப்படி ஒரு வழி இருந்தது. மாணவர் ஓட்டெடுப்பில் ஒரு அமைப்புக்குப் பணம் கொடுக்கவும் செய்யலாம், நிறுத்தவும் செய்யலாம். உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் கடைசியில் இந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை என்று கீழே திருப்பி அனுப்பியது. சிறுபான்மைக் கருத்துக்கும் பெரும்பான்மைக் கருத்துக்கும் ஒரே மரியாதை என்பதுதானே சார்பின்மை, பெரும்பான்மையிடம் போய் அனுமதி வாங்கு என்றால் அந்த மரியாதை எங்கே போகும்?

2007-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பல்கலைக்கழக வழக்கில் இரண்டாவது வட்டார நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஓட்டெடுப்பின் முடிவு கட்டாயம்கூட இல்லை, மாணவர் பேரவைக்கு ஆலோசனை மட்டும்தான். அதுவும் செல்லாது என்றார்கள், ஏனென்றால் எவ்வளவு பேருக்குப் பிடிக்கிறது என்பதே அங்கே பணத்தின் அளவுகோலாகிவிடுகிறது. கட்டணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓட்டெடுக்கலாம். யாருக்கு அது போக வேண்டும் என்று ஓட்டெடுத்தால், ஊரில் நாலு பேருக்குப் பிடிக்காததைச் சொல்கிறவன் வாயை மூட ஊர் சேர்ந்து கைதூக்குவதாகத்தான் முடியும்.

எனக்குப் பிடிக்காத அமைப்புக்குப் போகும் என் பங்கைத் திருப்பிக் கேட்கலாமா?

உங்கள் பல்கலைக்கழகம் அப்படி ஒரு வசதி வைத்திருந்தால் கேட்கலாம். வைத்தே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை, அது சவுத்வொர்த்திலேயே முடிந்த விஷயம். கலிஃபோர்னியாவின் மாநில உச்ச நீதிமன்றம் 1993-இல், அரசியல் அமைப்புகளுக்குப் போகும் பங்கைக் கழித்துக்கொள்ளும் உரிமை மாணவருக்கு உண்டு என்றது, ஆனால் அது 2000-த்துக்கு முந்தைய கதை.

எனக்கே ஒரு காலத்தில் இந்தத் திருப்பித் தரும் ஏற்பாடு நியாயமானது என்று தோன்றியது. மினசோட்டா வழக்கைப் படித்த பிறகு அவ்வளவு நிச்சயமில்லை. 1979-இல் அங்கே மாணவர் நாளிதழ் ஒரு நகைச்சுவை இதழ் போட்டது, பலர் மனம் புண்பட்டது. உடனே நிர்வாகம், இனிமேல் விரும்பாத மாணவர் இந்தப் பத்திரிகைக்கான பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று விதியை மாற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் மாணவருக்கு உரிமை கொடுத்த மாதிரிதான். 1983-இல் எட்டாவது வட்டார நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எழுதியது பிடிக்காததால் மாற்றிய விதி அது, எனவே தண்டனைதான், பெயர் எதுவாக இருந்தால் என்ன. ஒரு விதி என்ன சொல்கிறது என்பதோடு அது எப்போது, எதற்காக வந்தது என்றும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இந்த வழக்குதான்.

பத்திரிகை உண்மையிலேயே அருவருப்பாக எழுதினால்கூடவா நிறுத்தக் கூடாது?

எழுதியதற்காக நிறுத்தக் கூடாது. 1973-இலேயே இது சோதிக்கப்பட்டது. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தில், வெள்ளை மாணவர்களை அதிகம் சேர்ப்பதை எதிர்த்து மாணவர் பத்திரிகை எழுதியது. பல்கலைக்கழகத் தலைவர் நிதியை நிறுத்தினார். பத்திரிகை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் நடத்த ஆரம்பித்த பிறகு கருத்து பிடிக்கவில்லை என்று காசை இழுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

பிறகு சாமர்த்தியமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் 2015-இல் ஒரு கேலிப் பத்திரிகை மிக மோசமான கட்டுரை ஒன்றைப் போட்டது. மாணவர் பேரவை அந்த ஒரு பத்திரிகையை மட்டும் தொடாமல் எல்லா அச்சுப் பத்திரிகைகளுக்கும் நிதியை நிறுத்தியது. எல்லாருக்கும் நிறுத்தினால் சார்பின்மை ஆகிவிடும் என்று கணக்கு. பத்திரிகை வழக்குப் போட்டது, கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2019-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் அந்தத் தள்ளுபடி தவறு என்று வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அந்தப் பத்திரிகையில் வந்ததைப் படித்து எனக்கும் கோபம் வந்தது. ஆனால் ஒருத்தன் வாயை அடைக்க எல்லார் மைக்கையும் பிடுங்குவதைவிட, பக்கத்து மைக்கில் அவனுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு மையத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள், எங்கள் கிளப்புக்கு 500 டாலர் உச்சவரம்பு. கேட்கலாமா?

கேட்கலாம். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் வளாகத்தில் கருக்கலைப்பை எதிர்க்கும் ஒரு மாணவர் அமைப்பு, பேச்சாளரை அழைக்க 500 டாலர் கேட்டு மறுக்கப்பட்டது. பாலினச் சமத்துவ மையமும் பால்புதுமையினர் மையமும் அதே கட்டணத்திலிருந்து சேர்ந்து கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர் பெற்றன. 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பங்கீட்டு முறையில் கருத்துச் சார்பின்மைக்கான பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த மையங்கள் செய்யும் வேலையை நான் மதிக்கிறேன். அவற்றுக்குப் பணம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பெயரில் தன் சொந்த நிதியிலிருந்து கொடுத்து அதற்குப் பொறுப்பேற்கலாம். மாணவர்களின் பொதுப் பானையிலிருந்து எடுக்கும்போதுதான் அளவுகோல் எங்கே என்ற கேள்வி வரும்.

பணம் வாங்கினால் எல்லாரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டுமா?

பல்கலைக்கழகம் அப்படி ஒரு விதியை எல்லா அமைப்புக்கும் ஒரே மாதிரி வைத்திருந்தால், ஆம். 2010-இல் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று அது உறுதியானது.

தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் நிறுவனத்தை அல்ல. உங்கள் கைக்கு எட்டுவது அந்தப் பல்கலைக்கழகமே கையேட்டில் எழுதிக் கொடுத்திருக்கும் வாக்குறுதிகள்.

2018-இல் தொழிற்சங்கக் கட்டணத்தையே கோர்ட் ரத்து செய்துவிட்டதே, மாணவர் கட்டணமும் போய்விடுமா?

அது ஜேனஸ் வழக்கு. அரசு ஊழியர் சங்கத்தில் சேராதவரிடம் எந்தப் பணமும் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று சொல்லி 1977-இன் அபூட் தீர்ப்பையே தூக்கியெறிந்தார்கள். ஆனால் சவுத்வொர்த் அபூட்டின் அளவுகோலைப் பயன்படுத்தவே இல்லை, அது பொருந்தாது என்று சொல்லித்தான் தன் வழியைப் போட்டது. அபூட் விழுந்ததால் சவுத்வொர்த் தானாக விழாது, இதுவரை விழவும் இல்லை. வித்தியாசமும் நிஜமானது: தொழிற்சங்கம் ஒரே குரலில் பேசுகிறது, நான் கட்டும் பணம் அந்த ஒரே குரலுக்குப் போகிறது. மாணவர் நிதி ஒழுங்காக நடந்தால் என் எதிரிக்கும் போகும், எனக்கும் வரும்.

நான் வெளிநாட்டு மாணவன். எனக்கும் இதில் உரிமை உண்டா?

கட்டணம் உங்களிடமும் அதேதான் வாங்குகிறார்கள், நிதிக் குழு உங்கள் சங்கத்தையும் அதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். விசா சம்பந்தப்பட்ட பயங்கள் வேறு கதை, அதற்குக் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் 2005-இல் கட்டாய மாணவர் சங்கக் கட்டணத்தையே சட்டம் போட்டு எடுத்தார்கள். வளாக சேவைகள் பல சுருங்கின. 2011-இல் போட்ட சட்டத்தால் வேறு பெயரில் ஒரு சேவைக் கட்டணம் திரும்ப வந்தது, கட்சிக்கும் தேர்தலுக்கும் அதைச் செலவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. கனடாவின் ஒண்டாரியோவில் 2019-இல் அரசு, சில கட்டணங்களை மாணவர் விரும்பினால் மட்டும் கட்டலாம் என்று உத்தரவு போட்டது. அதே ஆண்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2021-இல் மேல்முறையீட்டிலும் ரத்து நிலைத்தது. அங்கே முடிவு செய்தது பேச்சுரிமை இல்லை, அரசுக்கு அந்த அதிகாரமே அப்போதிருந்த சட்டத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

எங்கள் அமைப்புக்குப் பணம் மறுத்துவிட்டார்கள். கருத்தால்தான் என்று சந்தேகம். என்ன செய்வது?

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. அடுத்தது, குழுவின் எழுதப்பட்ட அளவுகோலை வாங்குங்கள். அது இல்லையென்றாலோ, “பொருத்தமானவை”, “வளாகத்துக்கு நல்லவை” போன்ற வழவழா வார்த்தைகளாக இருந்தாலோ, உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வாதம் வந்துவிட்டது. பிறகு அந்த வருடம் பணம் வாங்கிய மற்ற அமைப்புகளின் விண்ணப்பங்களைப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். உங்களிடம் கேட்ட ரசீதை அவர்களிடமும் கேட்டார்களா? உங்களைத் தள்ளிப்போட்ட அளவு அவர்களையும் தள்ளிப்போட்டார்களா? மேல்முறையீட்டுக்குக் கெடு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று மிகக் குறைவாக இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு நேரில் போங்கள், குறிப்பெடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத அமைப்பு ஒன்றுக்கு இதே மாதிரி நடந்தால் அந்தக் கூட்டத்துக்கும் போங்கள். குழுவில் என்னை மாதிரி ஒருவர் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்வையாளர் வரிசையில் ஒரு ஆள் பேனாவோடு இருந்தால் அவருக்குத் தைரியம் வரும்.